ரிவார்ட்ஸ் கிரெடிட் கார்டு கிடைக்குமா, கிடைக்காதா? விண்ணப்பிக்கும் முன் நீங்களே கணித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

"என் கிரெடிட் ஸ்கோர் 760. இந்த ரிவார்ட்ஸ் கார்டு கிடைக்குமா?" என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில், தெரியாது என்பதுதான். அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது; சொல்கிறவர்கள் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள். 760-ல் ரிஜெக்ட் ஆனவர்களும் உண்டு, 700-ஐத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போதே கார்டு வாங்கியவர்களும் உண்டு. வங்கி ஸ்கோரைப் பார்க்கும், அதற்குப் பின்னால் இருக்கும் கடன் வரலாற்று ரிப்போர்ட்டைப் பார்க்கும், வருமானத்தையும் ஏற்கெனவே தலையில் இருக்கும் கடனையும் பார்க்கும், கடைசியில் தன் சொந்த விதிகள் சிலவற்றையும் உரசிப் பார்க்கும். இதில் ஏதாவது ஒன்று இடித்தால் போதும், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் "தற்போது உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை" என்று மெசேஜ் வந்துவிடும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றை விண்ணப்பிக்கும் முன்பே நாமே பார்த்துவிடலாம், ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும்.

ரிவார்ட்ஸ் கார்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

பாயிண்ட், கேஷ்பேக், விமான நிலைய லவுஞ்ச் எல்லாவற்றுக்கும் எங்கிருந்தோ பணம் வர வேண்டும். நாம் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு கட்டணம் கொடுக்கிறார், அதில் பெரும்பகுதி இன்டர்சேஞ்ச் என்ற பெயரில் நம் கார்டை வழங்கிய வங்கிக்கு வருகிறது. ரிவார்டுக்கு முதல் ஊற்று அதுதான். அதோடு ஆண்டுக் கட்டணமும், பாக்கி வைப்பவர்கள் கட்டும் வட்டியும் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் கொண்டுவந்த விதிப்படி கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்ச் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதனால்தான் அங்கே தாராளமான கேஷ்பேக் கார்டுகளைப் பார்ப்பது அரிது.

ஆக, வங்கி தேடுவது நிறைய செலவு செய்கிற, ஆனால் ஓடிப்போகாத ஆளை. சாதாரண கார்டு என்றால் சின்ன லிமிட் (கார்டில் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு) கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். உயர்தர ரிவார்ட்ஸ் கார்டுகள் பலவற்றில் அப்படி முடியாது, அந்த வகைக்கென்று ஒரு குறைந்தபட்ச லிமிட் இருக்கும். உங்கள் வருமானத்துக்கும் கடனுக்கும் அதைவிடக் குறைவான லிமிட்தான் தரலாம் என்று கணக்கு வந்தால், குறைத்துக் கொடுக்க மாட்டார்கள், நேராக மறுத்துவிடுவார்கள். நல்ல ஸ்கோர் இருந்தும் ரிஜெக்ட் ஆகும் பலருடைய கதை இதுதான்.

முதல் படி: ஸ்கோரை விடுங்கள், முழு ரிப்போர்ட்டை எடுங்கள்

ஸ்கோர் எண்ணே நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் ஃபைக்கோ 300 முதல் 850 வரை, இந்தியாவின் சிபில் 300 முதல் 900 வரை, கனடாவிலும் 300 முதல் 900, கிரெடிட் பீரோ சிங்கப்பூர் தருவது 1000 முதல் 2000 வரை, ஆஸ்திரேலியாவில் ஈக்விஃபாக்ஸ் 0 முதல் 1200 வரை. எங்கோ யாரோ "750 இருந்தால் போதும்" என்று சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒரே நாட்டுக்குள்ளும் பீரோவுக்கு பீரோ, அதாவது நம் கடன் வரலாற்றைத் திரட்டி ரிப்போர்ட் தரும் நிறுவனத்துக்கு நிறுவனம், எண் மாறும். இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு, அமெரிக்காவில் மூன்று. நீங்கள் பார்த்த பீரோவையே அந்த வங்கியும் பார்க்கும் என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் ஒவ்வொரு பீரோவும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வேறு பல நாடுகளிலும் ரிப்போர்ட்டை இலவசமாக வாங்க வழி இருக்கிறது. நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இந்தப் பயத்தில் வருடக்கணக்காகப் பார்க்காமலே இருப்பவர்கள் இருக்கிறார்கள், தேவையே இல்லாத பயம்.

இரண்டாம் படி: கடன் கொடுப்பவர் கண்ணால் வாசியுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, அவசரப்படாமல் செய்யுங்கள். ஃபைக்கோ தன் ஸ்கோரின் பொதுவான பங்கீட்டை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது: ஒழுங்காகக் கட்டிய வரலாறு 35 சதவீதம், எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பது 30, கணக்குகளின் வயது 15, புதிதாகத் தேடிய கடன் 10, கடன் வகைகளின் கலவை 10. மற்ற நிறுவனங்களின் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் முதல் இரண்டுக்கும் எடை அதிகம் என்பது எங்கும் பொருந்தும்.

கட்டிய வரலாறு. சிபில் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் தாமதம் இல்லை, 037 என்று இருந்தால் அந்த மாதம் 37 நாள் பாக்கி நின்றிருக்கிறது. கடைசி 12 மாதத்துக்குள் இப்படி ஏதாவது இருந்தால் ரிவார்ட்ஸ் கார்டு ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிவைப்பது நல்லது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு தாமதம் என்றால் அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவில் பொதுவாக 30 நாள் தாண்டினால்தான் ரிப்போர்ட்டில் ஏறும், இந்தியாவில் கார்டு பாக்கி மூன்று நாளைத் தாண்டினாலே பீரோவுக்குத் தெரிவிக்கலாம். எவ்வளவு காலம் நிற்கும் என்பதும் வேறுபடும்: அமெரிக்காவில் தாமதம் 7 ஆண்டு இருக்கும், பிரிட்டனில் 6 ஆண்டு.

அடுத்து "செட்டில்டு" என்ற சொல் எங்காவது கண்ணில் படுகிறதா பாருங்கள். பழைய கார்டு பாக்கியில் பேரம் பேசிப் பாதியைக் கட்டி முடித்தவர்கள், கணக்கு தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பார்கள். வங்கிக்கு அது தீர்ந்த கணக்கு இல்லை, நஷ்டமான கணக்கு. ரிவார்ட்ஸ் கார்டு மறுப்புக்கு இது ஒன்றே போதும். மீதித் தொகையைக் கட்டி "க்ளோஸ்டு" என்று மாற்ற முடியுமா என்று அந்த வங்கியிடமே கேளுங்கள். அப்புறம், நீங்கள் ஜாமீன் போட்ட கடன்களையும் தேடுங்கள். மச்சானுக்காகப் போட்ட கையெழுத்து உங்கள் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும், அவர் கட்டாமல் விட்டால் தாமதம் உங்கள் பெயரிலும் ஏறும்.

லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள். இங்கேதான் முழுப் பணத்தையும் தவறாமல் கட்டுகிற ஒழுக்கமானவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். "நான் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லையே, எப்படி 90 சதவீதம் என்று காட்டுகிறது?" என்பார்கள். காரணம், பெரும்பாலான வங்கிகள் பீரோவுக்கு அனுப்புவது ஸ்டேட்மெண்ட் போட்ட அன்று இருந்த தொகையை. டியூ டேட்டில் நீங்கள் கட்டுவது அதற்குப் பிறகு நடக்கும் விஷயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் இரண்டு கார்டு. ஒன்றின் லிமிட் 50,000, மற்றொன்று 1,50,000. சின்ன கார்டில் ஸ்டேட்மெண்ட் 45,000, பெரிய கார்டில் 5,000. மொத்தமாகப் பார்த்தால் 2,00,000-க்கு 50,000, அதாவது 25 சதவீதம், பரவாயில்லை. ஆனால் சின்ன கார்டு மட்டும் 90 சதவீதத்தில் நிற்கிறது, பல ஸ்கோரிங் முறைகள் அதைத் தனியாகவும் கவனிக்கும். இப்போது ஸ்டேட்மெண்ட் தேதிக்கு மூன்று நான்கு நாள் முன்னாடியே 40,000-ஐக் கட்டிவிட்டால், சின்ன கார்டு 10 சதவீதம், மொத்தம் வெறும் 5 சதவீதம். செலவு அதே, கட்டிய பணமும் அதே, தேதிதான் மாறியது. விண்ணப்பிக்கப்போகும் மாதத்துக்கு முன் ஒன்றிரண்டு மாதம் இப்படிச் செய்தால் ஸ்கோரில் வித்தியாசம் தெரியும். ஆனால் ஃபைக்கோ 10டி, வாண்டேஜ்ஸ்கோர் 4.0 போன்ற புதிய முறைகள் பல மாதங்களின் போக்கையும் பார்ப்பதால், அவற்றிடம் கடைசி நேர அலங்காரம் அவ்வளவாக எடுபடாது.

வயது, என்கொயரி. உங்கள் முதல் கடனோ கார்டோ ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால், ஸ்கோர் அழகாகத் தெரிந்தாலும் வங்கிக்குத் தயக்கம் இருக்கும். ஆறு மாத வரலாற்றில் வந்த 780-ம் பத்து வருட வரலாற்றில் வந்த 780-ம் ஒன்றல்ல. என்கொயரி என்பது, நீங்கள் கடனுக்கோ கார்டுக்கோ விண்ணப்பித்ததால் ஒரு வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்ததன் பதிவு. அந்தப் பகுதியில் கடைசி ஆறு மாதத்தை எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் பிரச்சினை இல்லை. நான்கைந்து என்றால், இந்த ஆள் பணத்துக்கு அலைகிறார் என்ற தோற்றம் வந்துவிடும். அமெரிக்காவில் ஒரு என்கொயரி ரிப்போர்ட்டில் 2 ஆண்டு இருக்கும், ஃபைக்கோ ஸ்கோர் கணக்கில் எடுப்பது கடைசி 12 மாதத்தை மட்டும். வீட்டுக்கடனுக்கோ கார் கடனுக்கோ குறுகிய காலத்தில் பல இடத்தில் விசாரித்தால் ஃபைக்கோ அவற்றை ஒன்றாகச் சேர்த்து எண்ணும். கிரெடிட் கார்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொன்றும் தனித்தனிதான்.

ரிப்போர்ட்டில் பிழை இருந்தால், அடைத்த கடன் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால், அல்லது உங்களுடையதே இல்லாத கடன் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் விண்ணப்பிக்காதீர்கள். இந்தியாவில் புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, ஆகவே தயங்காமல் புகார் கொடுங்கள்.

மூன்றாம் படி: வருமானத்தில் எவ்வளவு ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டது?

மாதச் சம்பளம் கைக்கு வருவது 80,000 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். வீட்டுக்கடன், வண்டிக்கடன் தவணை சேர்த்து 28,000. கார்டில் 40,000 பாக்கி ஓடுகிறது, அதன் மினிமம் டியூ 2,000. மொத்தம் 30,000, அதாவது வருமானத்தில் 37.5 சதவீதம். பொதுவாக 40-க்குள் இருந்தால் மூச்சுவிட இடம் இருக்கிறது, 50-ஐத் தாண்டினால் ரிவார்ட்ஸ் கார்டு கஷ்டம். சில வங்கிகள் வாடகையையும் கணக்கில் சேர்க்கும். செயலியில் வாங்கிய குட்டிக் கடன்களையும் "இப்போது வாங்கு, பிறகு கட்டு" தவணைகளையும் மறக்காமல் சேருங்கள். பல இடங்களில் அவையும் தனிநபர் கடனாக ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

இதைவிட நேரடியான வடிகட்டி குறைந்தபட்ச வருமானம். சில நாடுகளில் ஒழுங்குமுறை அமைப்பே வரம்பு வைத்திருக்கிறது: சிங்கப்பூரில் 55 வயது வரை ஆண்டுக்கு 30,000 சிங்கப்பூர் டாலர், மலேசியாவில் 24,000 ரிங்கிட். இது கிரெடிட் கார்டு என்ற பெயருக்கான அடிமட்டம்தான், நல்ல ரிவார்ட்ஸ் கார்டுகளுக்கு வங்கிகள் இதைவிட அதிகமாகவே கேட்கும். அந்த எண்ணை நீங்கள் தொடவில்லை என்றால் ஸ்கோர் எவ்வளவு இருந்தும் பயனில்லை. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், கையில் புரளும் பணம் அல்ல, வருமான வரி கணக்கில் காட்டிய லாபம்தான் வருமானம். வரி குறையட்டும் என்று லாபத்தைக் குறைத்துக் காட்டியவருக்குக் கார்டு வாசலில் அதே எண்தான் வந்து நிற்கும்.

வருமானத்தைக் கூட்டி எழுதலாமா என்று கேட்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்துக் கடன் பெறுவது பல நாடுகளில் குற்றம். பிடிபட்டால் அந்த வங்கியின் கதவும் உங்களுக்கு மூடிவிடும்.

நான்காம் படி: அந்த வங்கியின் சொந்த விதிகள்

இவை விண்ணப்பத்தில் அச்சடித்து இருக்காது. அமெரிக்காவில் சேஸ் வங்கியின் "5/24" பிரபலம்: கடந்த 24 மாதத்தில், எந்த வங்கியாக இருந்தாலும், ஐந்து அல்லது அதற்கு மேல் புதிய கார்டு வாங்கியிருந்தால் பெரும்பாலும் மறுப்புதான். வாடிக்கையாளர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்துப் பரவிய விதி இது. வேறு வங்கிகளிலும் இப்படி இருக்கும். ஒரே ஆளுக்கு இத்தனை கார்டுக்கு மேல் இல்லை, இந்த ஊர்ப் பகுதிக்குக் கொடுப்பதில்லை, வேலையில் சேர்ந்து இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்றெல்லாம். அதே கார்டுக்குச் சமீபத்தில் விண்ணப்பித்தவர்கள் எழுதியதைப் படியுங்கள், ஆனால் ஸ்கோர், வருமானம், வரலாற்றின் வயது மூன்றையும் சொன்னவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். "எனக்கு உடனே கிடைத்தது" என்ற ஒற்றை வரியால் ஒரு பயனும் இல்லை.

சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கி உங்கள் பண வரவைக் கண்ணால் பார்க்கிறது. மற்ற வங்கி தயங்கும் இடத்தில் அது துணிந்து கொடுக்கும். கார்டு இரண்டாம் தரமாக இருந்தாலும், முதல் ரிவார்ட்ஸ் கார்டை அங்கேயே வாங்குவது என் கணக்கில் புத்திசாலித்தனம்.

ஐந்தாம் படி: என்கொயரி விழாமல் சோதித்துப் பாருங்கள்

பல வங்கிகள் "தகுதி பார்க்க" என்று ஒரு வசதி வைத்திருக்கின்றன. அதில் நடப்பது மென்மையான சோதனை என்றால் ஸ்கோரைத் தொடாது, மற்ற வங்கிகளுக்கும் தெரியாது. ஆனால் பட்டனை அழுத்தும் முன் அந்தப் பொடி எழுத்தை வாசியுங்கள், சில இடங்களில் "தகுதி பார்க்க" என்று போட்டுவிட்டு முழு விண்ணப்பத்தையே வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த முடிவுகளுக்கும் தரவரிசை உண்டு. உங்கள் சொந்த வங்கியின் நெட்பேங்கிங்கில், லிமிட் எண்ணோடு வரும் ப்ரீ-அப்ரூவ்டு சலுகைதான் ஆகப் பலமானது. வங்கியின் தளத்தில் நீங்களே விவரம் கொடுத்து வரும் "தகுதி உள்ளவர்" என்ற பதில் அடுத்தது. கார்டுகளை ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் போடும் "வாய்ப்பு அதிகம்" என்ற பச்சைப் பட்டை அதற்கும் கீழே. மாலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரும், போனில் "சார், உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு" என்கிறவரும் கணக்கிலேயே வர மாட்டார்கள், அவர்களுக்குத் தேவை விண்ணப்ப எண்ணிக்கை.

ஆறாம் படி: இப்போது உங்களை நீங்களே எடை போடுங்கள்

கடந்த 12 மாதத்தில் தாமதம் இல்லை, செட்டில்மெண்ட் இல்லை, லிமிட்டில் பயன்பாடு 30 சதவீதத்துக்குள், வருமானத்தில் கடன் சுமை 40 சதவீதத்துக்குள், ஆறு மாதத்தில் என்கொயரி இரண்டுக்கு மேல் இல்லை, கேட்கும் வருமானத்தைவிட உங்கள் வருமானம் கொஞ்சமாவது கூட, வரலாறு இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் தாராளமாகப் போடலாம். இதில் ஒன்று மட்டும் இடிக்கிறது, அதுவும் பயன்பாடு மாதிரி சீக்கிரம் சரிசெய்யக்கூடியது என்றால், இரண்டு மாதம் பொறுத்துச் சரிசெய்துவிட்டுப் போடுங்கள். இரண்டு மூன்று இடிக்கிறது, அல்லது இடிப்பது சமீபத்திய தாமதம் என்றால் இப்போது வேண்டாம்.

ஏற்கெனவே இருக்கும் கார்டில் மாதாமாதம் பாக்கியை உருட்டிக்கொண்டிருப்பவர்கள், அப்ரூவல் கிடைக்கும் என்று தெரிந்தாலும் போடாதீர்கள். ரிவார்ட் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, கார்டு வட்டி பல நாடுகளில் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல். பாயிண்ட் சேர்த்து அந்த வட்டியை எட்டவே முடியாது.

இப்போது வேண்டாம் என்று வந்தவர்களுக்கு

வைப்புத்தொகையை ஈடாக வைத்து வாங்கும் கார்டு கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிடைக்கும், வரலாறே இல்லாதவர்களுக்கும் சேர்த்து. அதில் சின்னச் சின்ன செலவு, முழுத் தொகையும் தேதிக்குள் கட்டுவது, இப்படி ஒரு வருடம் ஓட்டினால் ரிப்போர்ட் பேச ஆரம்பிக்கும். கையில் ஏற்கெனவே சாதாரண கார்டு இருந்தால் அதே வங்கியிடம் அப்கிரேடு கேளுங்கள், பல வங்கிகள் புது என்கொயரி இல்லாமலே மாற்றிக் கொடுக்கும். என்ன இருந்தாலும் பழைய கார்டை மட்டும் சும்மா மூடாதீர்கள், லிமிட் குறைந்து பயன்பாட்டு சதவீதம் எகிறிவிடும்.

விண்ணப்பம் போடும்போது

பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றும் ரிப்போர்ட்டிலும் அடையாள ஆவணத்திலும் விண்ணப்பத்திலும் ஒன்றுபோல இருக்கட்டும். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் விரித்து எழுதி, மூன்றாவது இடத்தில் இல்லவே இல்லை என்பது நம்மவர்களுக்கு வழக்கமான தலைவலி. கணினிக்கு அது மூன்று ஆள். அலுவலக எண்ணுக்குச் சரிபார்ப்பு அழைப்பு வந்தால் எடுக்க ஆள் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்கடன் வாங்கும் திட்டம் அடுத்த சில மாதங்களில் இருந்தால் கார்டை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிட்டால்

அன்றைக்கே கோபத்தில் வேறு வங்கியில் போடாதீர்கள், அதே ரிப்போர்ட்டோடு கூடுதலாக ஒரு என்கொயரியும் சேர்ந்துதான் அங்கே போகும். முதலில் காரணத்தை வாங்குங்கள். இந்தியாவில் மறுப்புக்கான குறிப்பான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதி. அமெரிக்காவில் முழுமையான விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுப்புக்கு ரிப்போர்ட் காரணம் என்றால் 60 நாளுக்குள் அந்த ரிப்போர்ட்டை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

காரணம் ஆவணக் குறைபாடோ, முகவரி பொருந்தாததோ, பழைய வருமானச் சான்றோ என்றால் மறுபரிசீலனை கேளுங்கள், போனில் பேசியே மாறிய முடிவுகள் உண்டு. பல வங்கிகளில் இதற்குப் புது என்கொயரி விழாது, கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காரணம் "அதிகப் பயன்பாடு" என்றால் குறைத்துவிட்டு, அடுத்த இரண்டு ஸ்டேட்மெண்ட் பீரோவுக்குப் போய்ச் சேர்ந்ததை ரிப்போர்ட்டில் பார்த்த பிறகு போடுங்கள். "உள் கொள்கைப்படி" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வங்கியோடு மல்லுக்கட்டுவதில் பலன் குறைவு. ஆறு மாதம் கழித்து வேறு வங்கியைப் பாருங்கள், அதற்கு முன் மறுபடி இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.